துவைத்த சட்டை

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்கள் உட்பட. பதினொரு வருடமாக ஒரே கடை, ஒரே ஸ்டூல், இரண்டு மெஷின். அதில் ஒன்று மழைக்காலம் வந்தால் தாளைத் தின்னும். வயது முப்பத்தொன்பது, கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யாராவது துக்கம் விசாரிப்பது போல் ஆரம்பித்தால், "எத்தன காப்பி?" என்று கேட்டு மெஷின் மூடியைத் திறப்பாள்.

அவள் சினிமாவுக்கு வந்தது அந்த மெஷின் வழியாகத்தான். ஒருநாள் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஒரு திரைக்கதையைப் பிரதி எடுக்கக் கொண்டுவந்தார்கள். ஆறு பிரதி. சூடாக வந்து விழுந்த தாள்களைச் சரிபார்க்கும் சாக்கில் படித்தாள். "காட்சி 14. உள்ளே. பகல். அவன் கதவைத் திறக்கிறான். யாரும் இல்லை." அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆனால் அந்த அறை அவள் கண்ணுக்குத் தெரிந்தது, அங்கே இல்லாத ஆளும் தெரிந்தான். ஆறு எடுக்கவேண்டிய இடத்தில் ஏழு எடுத்தாள். ஏழாவதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அது திருட்டுதான். பின்னாளில் அவளே அப்படித்தான் சொல்வாள்.

வீடு மூன்றாவது மாடியில், இரண்டு அறை. தங்கையும் தங்கையின் கணவனும் ஓர் அறையில், இவள் இன்னொன்றில். தங்கை வீட்டிலிருந்தே துணி ஆல்டரேஷன் செய்து கொடுப்பாள். அவள் கணவன் ஒரு பெரிய கிடங்கில் பெட்டிகளை அடுக்கி இறக்கும் வேலையில் இருந்தான். ஜெராக்ஸ் அக்கா தன் போனிலேயே முதல் படத்தை எடுத்தபோது, மேஜை விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். "கை வலிக்குதுக்கா, வசனத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்று கெஞ்சுவான்.

ஆறு நிமிடப் படம். நடித்தவர் எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன். இளவயதில் மேடை நாடகங்களில் இன்ஸ்பெக்டர் வேஷம் கட்டியவர், இப்போது ஐம்பத்தெட்டு வயது. முடிந்த படத்தைக் கடையில் வைத்துப் பார்த்தார். கடைசிவரை பொறுமையாக இருந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. காத்தாடி எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுருச்சு" என்றார். உண்மைதான். மின்விசிறி சத்தத்தில் ஒரு வசனம்கூடக் கேட்கவில்லை.

அவள் பாடம் படித்தது இப்படி ஒவ்வொரு தப்பாகத்தான். படம் மங்கலாக இருந்தால் மன்னிப்பார்கள், சத்தம் கெட்டால் எழுந்து போய்விடுவார்கள் என்று தெரிந்துகொண்டாள். படம் பிடிக்கும்போது ஃப்ரிட்ஜையும் அணைத்தாள். திரும்பப் போட மறந்து இரண்டு தடவை பால் கெட்டது. நடிப்பவர் சட்டைப் பைக்குள் இன்னொரு போனை வைத்து, அதில் குரலைப் பதிவு செய்தாள். ஜன்னலில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினால் வெயில் முகத்தில் மெத்தென்று விழும் என்பதும், சாயங்காலம் நாலு மணிக்கு அந்த வெளிச்சம் இருபது நிமிடம்தான் நிற்கும் என்பதும் தெரிந்தது. மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாதான் போன் வைக்கும் ஸ்டாண்ட். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை என்பதால் ஒரு படம் முடிய மூன்று நான்கு மாதம் ஆகும்.

இரண்டாவது படம் பாதியில் இருந்தபோது கிடங்கில் இரும்பு அடுக்கு ஒன்று சரிந்தது. தங்கையின் கணவன் அடியில் நின்றிருந்தான்.

கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தலைக்கவசம் அணியாமல் கவனக்குறைவாக இருந்ததால் உயிரிழப்பு நேர்ந்தது என்று அதில் இருந்தது. தங்கை அதைப் படித்துவிட்டு அக்காவிடம் கொடுத்தாள். அக்கா வழக்கம்போல நான்கு பிரதி எடுத்து வைத்தாள். அவற்றை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. கொடுத்த இடங்களிலும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு வருடம் போனது. தங்கை அழுகிறவள் இல்லை. தையல் மெஷினில் உட்கார்ந்தால் பெடலை மிதித்துக்கொண்டே இருப்பாள், கீழே துணி இருக்கிறதா என்றுகூடப் பார்க்கமாட்டாள். ஒருநாள் அவளாகவே கேட்டாள்.

"அக்கா, அவர் கதைய எடேன்."

"எதுக்குடி அதெல்லாம் இப்ப?"

"படத்துலயாவது அவரு ஹெல்மெட் போட்டிருக்கட்டும்."

அதற்கு மேல் அக்காவால் மறுக்க முடியவில்லை. வீணாய்ப்போன பிரதிகளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். காலையில் ஒருவன் வேலைக்குக் கிளம்புகிறான். மனைவி மதியம்வரை வீட்டு வேலை பார்க்கிறாள். போன் வருகிறது. கடைசியில் மொட்டைமாடிக் கொடியில் அவன் சட்டை காய்கிறது. மனைவியாகத் தங்கையே நடிக்கிறேன் என்றாள். "வேற யாரையாச்சும் கூட்டிட்டு வந்து, நான் அவளுக்குச் சொல்லிக்குடுத்துட்டு இருக்கணுமா?"

போன் வரும் காட்சிக்குத்தான் அக்கா பயந்துகொண்டிருந்தாள். முதல் தடவை எடுத்தபோது தெருவில் லாரி ஹாரன் அடித்தது. இரண்டாம் தடவை படம் பிடிக்கும் போன் நகர்ந்துவிட்டது. "இன்னொரு தடவ வருமாடி?" என்று டப்பாவைச் சரிசெய்தபடியே கேட்டாள். தங்கை தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி அதே ஸ்டூலில் உட்கார்ந்து, அதே மாதிரி போனை எடுத்தாள். மூன்று தடவையும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாட்ச்மேன்தான் பார்க்கமுடியாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கணவனாக அவர்தான் நடிக்கவேண்டும், வேறு ஆள் இல்லை. முகம் தெரியாமல் முதுகுப் பக்கமாகவே எடுப்பதாகத் திட்டம். கம்பெனிச் சட்டை ஒன்று வேண்டும். அவனோடு வேலை செய்தவர் யாரிடமாவது வாங்கித் தருகிறேன் என்று அக்கா தங்கையிடம் சொல்லியிருந்தாள். இரண்டு பேரைக் கேட்டாள். கம்பெனி பேரைக் கேட்டதும் ஒருவர் போனை வைத்துவிட்டார், இன்னொருவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

பீரோவின் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் அவனுடைய கம்பெனிச் சட்டை ஒன்று இருப்பது அக்காவுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். மூன்று மணி நேரம் ஆகும். சட்டைக்கு என்ன கேடு, எடுத்துப் போட்டு, எடுத்த இடத்தில் வைத்துவிட்டால் போகிறது என்று நினைத்தாள். வாட்ச்மேன் அதைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் பதினான்கு தடவை இறங்கினார். வெயில். முதுகு முழுக்க வியர்வை. தலைக்கு அவர் தேய்க்கும் எண்ணெய் காலரில் ஏறிவிட்டது. அப்படியே மடித்து வைத்தால் தங்கைக்குத் தெரிந்துவிடும். அதனால் சோப்புப் போட்டு நன்றாகத் துவைத்து, மொட்டைமாடியில் காயப்போட்டாள்.

அந்த உறையைத் தங்கை ஏன் வைத்திருந்தாள் என்று அவள் ஒரு நொடி யோசித்திருக்கலாம். அவன் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டை அது. துவைக்காத சட்டை.

காய்ந்துகொண்டிருந்த சட்டையைப் பார்த்ததும் கடைசிக் காட்சியையும் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. நாலு மணி வெளிச்சம். பெயிண்ட் டப்பாவைத் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக வைத்து, போனை அதில் செருகி, ரெகார்டிங்கைத் தட்டிவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். தன் நிழல் தரையில் விழக்கூடாது என்பதற்காக.

தங்கை சீக்கிரமே திரும்பியிருந்தாள். கொடியில் துணி எடுக்க மாடிக்கு வந்தாள். ஒரு புடவை, இரண்டு துண்டு எடுத்துத் தோளில் போட்டாள். அடுத்தது சட்டை. அவள் கை நின்றது. கிளிப்பைக் கழற்றி, காலரை மூக்கில் வைத்தாள். பிறகு கை மடிப்பை. பிறகு சட்டையை உள்பக்கம் வெளியாகத் திருப்பி, அக்குளில், முதுகில், பைக்குள் என்று ஒவ்வோர் இடமாக முகத்தைப் புதைத்துத் தேடினாள். அப்படியே சுடும் தரையில் உட்கார்ந்தாள். சத்தம் வந்தது. அது அழுகை மாதிரி இல்லை, மூச்சுத் திணறுகிறவளிடமிருந்து வருவது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். சட்டையை நேராகத் திருப்பி, சுருக்கத்தை நீவி, மறுபடி கொடியில் மாட்டி, கிளிப்பைப் போட்டுவிட்டுக் கீழே போனாள்.

இரண்டே முக்கால் நிமிடம். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அக்கா கூப்பிட்டிருக்கலாம், போனை நிறுத்தியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

கீழே போனபோது தங்கை அடுப்படியில் நின்றிருந்தாள்.

"அந்தச் சட்டைய நீயா துவைச்ச?"

"பீரோ சுத்தம் பண்ணேன். அழுக்கா கெடந்துச்சேன்னு..."

"ம்."

தங்கை அரிசியைக் களைய ஆரம்பித்தாள்.

பிறகு பல வாரம் அக்கா படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டே முக்கால் நிமிடத்தை முதலில் சேர்க்கவில்லை. சேர்க்காமல் பார்த்தால் படம் கம்பெனிக் கடிதம் மாதிரி இருந்தது, எல்லாத் தகவலும் இருந்தது, ஆள் இல்லை. ஒருநாள் சேர்த்துப் பார்த்தாள். அதற்கப்புறம் அதை வெட்டிவிட மனம் வரவில்லை. வாட்ச்மேனிடம் காட்டினாள். முடிந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சிகிட்ட சொல்லிட்டியாமா?"

"சொல்லிட்டேண்ணே."

"நான் போட்டுட்டு நடந்தது அவர் சட்டைன்னு?"

"எல்லாந்தான்."

ஒரு நூலகத்தின் மாடியில் குறும்படப் போட்டி நடந்தது. படம் தேர்வாகியிருந்தது. தங்கை அதுவரை படத்தைப் பார்க்கவில்லை. கேட்டபோதெல்லாம் "முழுசா முடியட்டும்" என்று அக்கா தள்ளிப்போட்டிருந்தாள். அன்று கிளம்புவதற்கு முன்னால் எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள். தங்கை புதுப் புடவை கட்டிக்கொண்டு, "நல்லாருக்கா?" என்று கேட்டாள். அக்கா அவள் முந்தானை மடிப்பைச் சரிசெய்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாள்.

நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, பாதிக்கு மேல் காலி. திரையில் வாட்ச்மேன் அந்தச் சட்டையோடு படியிறங்கியதும், பக்கத்தில் இருந்தவள் முன்னால் சாய்வதை அக்கா கவனித்தாள். தையல்காரியின் கண், காலர் ஓரம் அவள் போட்ட ஒட்டுத் தையலைக்கூட அடையாளம் கண்டிருக்கும். அப்புறம் மாடி வந்தது, கொடி வந்தது, அவளே வந்தாள். அறையில் ஒருவரும் அசையவில்லை. தங்கையும்தான்.

சிறந்த நடிகை விருது அவளுக்குக் கிடைத்தது. நடுவராக வந்தவர் மைக்கில், "அந்த அம்மா நடிக்கவே இல்ல, வாழ்ந்துட்டாங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தங்கை மேடைக்குப் போய், கேடயத்தை இரண்டு கையாலும் வாங்கி, போட்டோவுக்கு நின்று, இறங்கி வந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"நல்லா நடிச்சேனா?"

அக்கா டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ அங்கயே இருந்தியாக்கா? தொட்டிக்குப் பின்னாடி?"

"ஆமா."

"முழுசும்?"

"ஆமாடி."

தங்கை தலையாட்டினாள், ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்டது போல. அடுத்த வாரமே ஒரு துணி கம்பெனியில் சேர்ந்து, அவர்களுடைய பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். துணிமணியோடு அந்தச் சட்டையையும் எடுத்துக்கொண்டாள். கேடயத்தை எடுக்கவில்லை.

வாட்ச்மேனுக்கு விஷயம் தெரிந்தபோது கடை வாசலில் நின்றபடியே, "என்ன நம்ப வெச்சுட்டியேமா. தெரிஞ்சிருந்தா அந்தச் சட்டைய நான் தொட்டிருக்க மாட்டேன்" என்றார். ஒரு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை.

வேறோர் ஊரிலிருந்து படத்தைக் கேட்டு எழுதினார்கள். அக்கா தங்கைக்கு மெசேஜ் அனுப்பினாள்: அனுப்பட்டுமா? பதில் வர ஒன்பது நாள் ஆனது. "எடுத்தது எடுத்தாச்சு. யார் பாத்தா என்ன." அது சம்மதமா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. அந்த இரண்டே முக்கால் நிமிடத்தை வெட்டி எடுத்துவிட்டு மீதியை அனுப்பினாள். தேர்வாகவில்லை. வெட்டியதை அழிக்கவும் இல்லை. அது இன்னும் போனில்தான் இருக்கிறது. அவள் திறப்பதில்லை.

படம் எடுப்பதை விட்டுவிடுவாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். விடவில்லை. எட்டு மாதம் கழித்து இன்னொன்று ஆரம்பித்தாள், மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவரைப் பற்றி. வாட்ச்மேன் முறைத்துக்கொண்டேதான் நடிக்க வந்தார். வசனம், உடை எல்லாவற்றையும் இப்போது அவர் இரண்டு தடவை விசாரிப்பார். "இது யாரோடது? அவருக்குத் தெரியுமா?" அவளும் நின்று பதில் சொல்வாள்.

அந்தப் படப்பிடிப்பு நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டு தங்கை வந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஜன்னலில் வெள்ளை விரிப்பு, நடுவில் வாட்ச்மேன், பெயிண்ட் டப்பாவில் போன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வரலாமா, இல்ல கேமரா ஓடிட்டு இருக்கா?"

"ஓடல. வாடி."

தங்கை வரவில்லை. அக்கா போனை டப்பாவிலிருந்து எடுத்து, வாசல்வரை கொண்டுபோய் அவளிடம் நீட்டினாள். தங்கை அதை வாங்கி, திரையைத் திருப்பிப் பார்த்தாள். பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்து, முழுதும் அணையும்வரை காத்திருந்தாள். அணைந்ததும் போனைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய், பீரோவைத் திறந்து கார்டைத் தேட ஆரம்பித்தாள்.