மாமிக்கு ஜன்னல் சீட்

இருபத்திரண்டு வருஷம் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தே வேலைக்குப் போனேன். பம்பாயில் லோக்கல் ரயிலில் போய்வந்த யாரிடமாவது இதைச் சொல்லிப்பாருங்கள், பொய் என்பார்கள். பொய் இல்லை, கொஞ்சம் போக்கிரித்தனம். என் வீடு திலக் நகரில், அலுவலகம் வாஷியில். திலக் நகரில் ஏறினால் நிற்கத்தான் இடம் கிடைக்கும். அதனால் தினமும் காலையில் எதிர்த்திசை வண்டி பிடித்து ஒரு ஸ்டேஷன் பின்னால், குர்லாவுக்குப் போவேன். அங்கே கூட்டம் இறங்குகிற நொடியில், இறங்குகிறவர்களின் கைக்கு அடியில் புகுந்து உள்ளே போய் ஜன்னலைப் பிடித்துவிடுவேன். சீசன் பாஸையும் குர்லாவிலிருந்தே எடுத்திருந்தேன். என் போக்கிரித்தனம் எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டது.

மாமி செம்பூரில் ஏறுவார். பிறந்தது மாட்டுங்கா, பூர்வீகம் பாலக்காடு, வாஷியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். ஆனாலும் மராத்திப் பெண்கள் உட்பட பெண்கள் பெட்டியான லேடீஸ் டப்பாவில் எல்லோருக்கும் அவர் மாமி. கூட்டம் தள்ளிய தள்ளில் வந்து என் முழங்காலுக்கு முன்னால் நிற்பார். "பையக் குடுங்க மாமி, மடியில வச்சுக்கிடுதேன்" என்பேன். தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரி நான், அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. மாமி பையைக் கொடுப்பார். நான் அவருக்குப் பெரிய உபகாரம் செய்வதாக இரண்டு பேருமே நம்பினோம்.

எங்கள் வண்டியில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருத்தி நுனியில் ஒட்டிக்கொள்வது உரிமை. "ஜரா சரக்கோ" என்றால் போதும். கொஞ்சம் நகரு என்று அர்த்தம். மூன்று பேரும் முனகிக்கொண்டே நகர்ந்தாக வேண்டும். மாமி வாயிலிருந்து அது வந்ததே இல்லை. உட்கார்ந்திருக்கிறவளை எழுப்புவதோ நகரச் சொல்வதோ அவருக்கு அநாகரிகம். அதனால் நின்றார்.

மாமி ரிட்டையர் ஆன அன்று வண்டியிலேயே வடா பாவ் பங்குபோட்டுக் கொண்டாடினோம். பேச்சோடு பேச்சாக மாமி சொன்னார், "எல்லாம் நன்னா இருந்தது. அந்தக் காடியைத்தான் ஒரு நாள்கூட பார்க்கலை."

மான்குர்டுக்கும் வாஷிக்கும் நடுவே வண்டி ஒரு நீளப் பாலத்தில் போகும். கீழே கடல் உள்ளே வந்து கிடக்கும். அதைத்தான் காடி என்போம். வேலை நாள் தவறாமல் அதைத் தாண்டிய மாமிக்கு, நின்ற இடத்திலிருந்து தெரிந்ததெல்லாம் அடுத்தவளின் ஹேர்கிளிப்பு. நான்தான் பார்த்தேன். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, பாதி நாள் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு நாள் எழுந்து அவரை உட்கார வைக்க எனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

ஐந்து வருஷம் கழித்து நானும் ரிட்டையர் ஆனேன். வெனிஸ் நகரத்துக்குள் ரயில் தண்ணீர் மேலேயே போகிறது என்று மகள் ஒருநாள் போனில் காட்டினாள். அந்த வண்டியில் மாமியை ஜன்னலோரம் உட்காரவைப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் காலி வண்டியில் வாஷிக்குக் கூட்டிப்போனால் தீர்ந்ததே, இதற்கு எதற்கு இத்தாலி என்று மகள் கேட்டாள். செய்த தப்பு பெரிது, ஈடும் பெரிதாக இருக்க வேண்டும் என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் இத்தாலி பார்க்க ஆசை.

ரோம், பிளாரன்ஸ், வெனிஸ். மூன்று ஊர், இரண்டு ரயில். ஏஜென்ட் யாரும் வேண்டாம் என்று டிக்கெட் எல்லாம் நானே எடுத்தேன். மாமியிடம் மட்டும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தேன்: ஜன்னல் உங்களுக்கு.

ரோமில் எங்கே பார்த்தாலும் பாதி இடிந்த கட்டடம். அதை ஊரே வரிசையில் நின்று பார்க்கிறது. செம்பூரில் ஒரு சுவர் இப்படி நின்றால் மறுநாளே பில்டர் போர்டு வைத்திருப்பான். மாமி ஒவ்வொரு வளைவையும் நின்று நிதானமாகப் பார்த்து, ஆரம் இவ்வளவு இருக்கும், உயரம் இவ்வளவு இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் நிழல் தேடினேன்.

பிளாரன்ஸ் வண்டி எந்த பிளாட்பாரம் என்று ரோம் ஸ்டேஷனில் கடைசி நிமிஷத்தில்தான் காட்டினார்கள். காட்டியதும் எனக்குள் குர்லா விழித்துக்கொண்டது. டிக்கெட்டில் சீட் நம்பர் போட்டிருக்கும்போது எதற்கடி ஓடுகிறாய் என்று மாமி பின்னாலிருந்து கேட்டது காதில் விழுந்தது. ஓடினேன். இறங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரின் கைக்கு அடியில் புகுந்து ஏறினேன். கர்சீப் போட்டு இரண்டு சீட் பிடித்தேன். ஏற்கெனவே எங்களுடைய அந்த இரண்டு சீட்டையும் வேறு யாரும் கேட்கவில்லை. மாமி மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பி, வயல்களையும் குன்று மேல் ஊர்களையும் அரை மணி நேரம் ரசித்த பிறகுதான் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது நான்.

கால் தானாகப் போய்விட்டது. மாமி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ சந்தோஷமாக இருந்தாய் என்றார். இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுந்தால், இங்கே தண்ணீர் ஒன்றும் இல்லையே, வெனிஸ் வண்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

பிளாரன்ஸில் மூன்று நாள். அங்கே இருந்த பெரிய தேவாலயத்தின் குவிமாடத்தை மாமி ஒரு முழு மத்தியானம் அண்ணாந்து பார்த்தார். நான் ஹோட்டலில் சீட் நம்பரைப் பார்த்தேன், ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. வெனிஸ் வண்டியில் மாமியை முன்னால் விட்டு, ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரவைத்து, வழியை அடைத்து நானும் உட்கார்ந்தேன். முதல் பாதி முழுக்க ஒரே குகைப்பாதை. இருட்டுக் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரின் முகம்தான் தெரிந்தது. பிறகு சமவெளி வந்தது. மாமி மூக்கைக் கண்ணாடியில் வைக்காத குறை.

இங்கேதான் என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். லோக்கலில் போகிறவர்கள் ஸ்டேஷன் வந்த பிறகு எழுந்திருப்பதில்லை. இரண்டு ஸ்டேஷன் முன்பே எழுந்து வாசலுக்கு நகர வேண்டும், இல்லையென்றால் ஏறுகிற கூட்டம் நம்மை உள்ளேயே தள்ளிக்கொண்டு போய்விடும். வண்டி வேகம் குறைந்ததும் என் உடம்பு எழுந்துவிட்டது. "எந்திரிங்க மாமி, வந்துட்டு" என்றேன். தண்ணீர் இன்னும் வரவில்லையே என்றார் மாமி. வெளியே பலகையில் கொட்டை எழுத்தில் வெனிஸ் என்று இருந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு வார்த்தை. அந்த இன்னொரு வார்த்தையைப் படிக்க யாருக்கு நேரம்? பெட்டியை இழுத்தேன், மாமியையும் இழுத்தேன், இறங்கினோம். கதவு மூடியது, வண்டி போய்விட்டது.

எதிரே கார் நிறுத்துமிடமும் பஸ்ஸும். பிளாட்பாரத்தில் பெட்டி வைத்திருந்த ஒரு பங்களாதேஷ்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஹிந்தியிலேயே சொன்னார், "ஆன்ட்டி, அஸ்லி வெனிஸ் அக்லா ஸ்டேஷன்." அசல் வெனிஸ் அடுத்த ஸ்டேஷன். தண்ணீரா? அது இந்த ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் இருக்கிறது, நீங்கள் விட்டுவிட்டது அதைத்தான் என்று விளக்கினார். ஊரிலிருந்து வருகிறவர்கள் குர்லா டெர்மினஸையும் குர்லா ஸ்டேஷனையும் குழப்பிக்கொண்டு நிற்கும்போது நான் எவ்வளவு சிரித்திருக்கிறேன்!

மாமி பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார், "நோக்கு எறங்கறதுதான் காரியம். வழியில என்ன இருக்குன்னு நீ பார்க்கவே மாட்டே."

எனக்கு அழுகை வந்தது. மன்னித்துவிடுங்கள் மாமி என்றேன். இந்தப் பாலத்துக்காகத்தான் வந்தோம், அதையும் நானே கெடுத்தேன் என்றேன். 

அடுத்து வந்தது அவர்கள் ஊர் லோக்கல். பிதுங்கி வழிகிற கூட்டம், எல்லோர் முதுகிலும் மூட்டை. உள்ளே போனதும் வழக்கம்போல வேட்டையை ஆரம்பித்தேன். யார் எங்கே இறங்குவார்கள் என்று ஜன்னலோரத்துப் பெண்களிடம் கையாலும் கண்ணாலும் விசாரித்தேன். எல்லோரும் வெனிஸ் என்றார்கள். கடைசி ஸ்டேஷனே அதுதான். என் இருபத்திரண்டு வருஷ வித்தை அங்கே செல்லவில்லை. வண்டி கிளம்பியது. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

அப்போது என் பின்னாலிருந்து குரல் வந்தது, கணக்கு டீச்சர் குரலில்.

"ஜரா சரக்கோ."

திரும்பினால் மாமி. ஜன்னலோரம் ஒரு குண்டு அம்மாள், அவர் பக்கத்து சீட்டில் ஒரு காய்கறிப் பை. அந்த அம்மாள் அவசரமாகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாமி உட்காரவில்லை. ஜன்னலைக் காட்டினார், தன் கண்ணைக் காட்டினார், பிறகு தெளிவான தமிழில், "இத்தனை வருஷமா பார்க்கலை" என்றார். அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, மாமியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். எழுந்து இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

மாமி ஜன்னலோரம் உட்கார்ந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினார். "பையைக் குடு, மடியில வெச்சுக்கறேன்" என்றார்.

கொடுத்தேன். வெளியே வெளிச்சம் மாறியது தெரிந்தது. டப்பா முழுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்தது, எல்லோரும் ஏதோ சொன்னார்கள். தண்ணீர் வந்துவிட்டது என்று புரிந்தது. எப்படி இருக்கிறது மாமி என்று கேட்டேன். மாமி காதில் அது விழவில்லை. அவர் தோள் மட்டும் குலுங்கியது, சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. எனக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு நெட்டை மனிதர் நின்றிருந்தார். வெனிஸ் போய்ச் சேரும்வரை நான் பார்த்தது அவர் முதுகு மூட்டையின் மஞ்சள் ஜிப்பைத்தான்.

பத்து நிமிஷம்தான் நின்றிருப்பேன். அதற்குள் எனக்குக் கால் வலித்தது.