ஸ்கேனில் தெரிந்த கறுப்பு

இன்று மதுரையில் என் அயோடின் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நாத்தனாரோடு கம்பம் பஸ் ஏறினேன். தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம்.

படத்தைப் பார்த்த நாத்தனார், "வாயி, வயிறு, மூத்திரப்பை, எங்கன பாத்தாலும் கறுப்பா பரவிக் கெடக்கே!" என்றார்.

"அயோடின் எல்லாருக்கும் அங்கன தேங்கும் மதினி. கழுத்துல ஒண்ணுமில்ல, நோய் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாக."

அதற்குள் அவர் படத்தை போனில் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

பஸ் சின்னமனூரைத் தாண்டும்போது மாமியார் நாத்தனாரை போனில் அழைத்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"சுருளிப்பட்டிக்காரகள வரச் சொல்லிட்டேன். ஒந்தம்பிக்கு அவக பொண்ணையே ரெண்டாந்தாரமா முடிச்சிருவோம்."

"அத்தை, எனக்குச் சரியாயிருச்சு" என்றேன்.

மாமியார் கேட்டார்: "இப்ப அவகளுக்கு நான் என்னத்தச் சொல்றது?"

பிழைத்துக்கொண்டதற்கு வருத்தம் தெரிவித்து சுருளிப்பட்டிக்கு நாலு வரி எழுத வேண்டும். நன்றாக எழுதுகிறவர்கள் கமெண்டில் உதவவும்.