சாமை உமியும் என் சிநேகிதியும்

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதற்குக் கத்தியெல்லாம் வேண்டியதில்லை. வாரம் தவறாமல் ஒரு ஃபோன் செய்தால் போதும். என் சிநேகிதி அப்படித்தான் செய்தாள். பொறியியல் கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்சு, ஒரே விடுதி அறை. அவள் திருப்பத்தூர்க்காரி. நான் கணியம்பாடிப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். படிப்பு முடிந்ததும் அவள் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். நான் சென்னையில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டு, கல்யாணமாகி, கணவருக்கு ஜமுனாமரத்தூர் தாலுகா அலுவலகத்தில் வேலை என்பதால் மலை ஏறினேன்.

மலைக்கு வந்த பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. வீட்டிலிருந்தபடியே யார் யாருக்கோ கணினியில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். சிமெண்ட் ஆலைக் குழாயில் தூசி எப்படி ஓடும், மாத்திரைத் தொழிற்சாலையில் மாவு எந்த மூலையில் அடைக்கும், இந்த மாதிரி. உழைப்பு என்னுடையது, அறிக்கையில் இருக்கும் பெயர் வேறு யாருடையதோ. கேட்டால், ‘மேடம், நீங்க பின்னாடி இருந்து செய்றீங்க, அவ்ளோதான்’ என்பார்கள். எத்தனை நாளைக்குத்தான் பின்னாடியே இருப்பது? அதனால்தான் சாமை இயந்திர வேலை வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருப்பத்தூரில் தானியம் சுத்தம் செய்யும் இயந்திரங்களைச் செய்கிற பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். சாமைக்கென்றே தனியாக ஓர் இயந்திரம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. எங்கள் மலையில் விளைவது சாமை. உமியை உடைத்த பிறகு, கீழிருந்து காற்றை விட்டு உமியை மேலே தூக்கி, அரிசியைக் கீழே விழ வைக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். சாமை அரிசி பொடிசு. காற்று கொஞ்சம் ஓங்கினால் அரிசியும் உமியோடு சேர்ந்து பறந்துவிடும். கொஞ்சம் தணிந்தால் உமி அரிசியோடு குடித்தனம் பண்ணும். நெல்லுக்குச் செய்த இயந்திரத்தை வைத்து முயன்று பார்த்து அவர் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். காற்றுப்பாதை எவ்வளவு அகலம், எங்கே வளைய வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னால், இயந்திரத்தின் மேல் அடிக்கிற பெயர்த் தகட்டில் ‘வடிவமைப்பு’ என்று போட்டு என் பெயரைப் பொறிப்பதாகச் சொன்னார். சிரிக்காதீர்கள். ஒரு தகர வில்லையில் என் பெயர் வரப்போகிறது என்பதற்காக நான் ராத்தூக்கம் இழந்தது நிஜம்.

இந்தக் கணக்குக்கு இரண்டு மென்பொருள் வேண்டும். ஒன்றுக்குத் தானியம் தெரியும்: ஒவ்வொரு மணியும் எங்கே மோதும், எப்படி உருளும் என்று துகள் துகளாகச் சொல்லும். இன்னொன்றுக்குக் காற்று மட்டும்தான் தெரியும். இதற்கு அது யாரென்று தெரியாது, அதற்கு இது யாரென்று தெரியாது. இரண்டையும் பேச வைக்க நடுவில் ஒரு நிரல் எழுத வேண்டும். அதற்காக மென்பொருள்காரர்கள் திறந்து வைத்திருக்கும் வாசலுக்குத்தான் ஏபிஐ என்று பெயர்.

என் அப்பாவோடு மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். தரகர்கள் கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இவன் மடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, அவன் வீட்டில் என்ன கஷ்டம் என்று இவனுக்குத் தெரியாது, ஆனாலும் வியாபாரம் படியும். ஏபிஐயும் அதேதான். ‘நான் இந்த இடத்தில், இந்த வேகத்தில் இருக்கிறேன்’ என்று தானியம் விரலைப் பிடிக்கும். ‘அப்படியென்றால் உன்னை இவ்வளவு தள்ளுகிறேன்’ என்று காற்று பதில் சொல்லும். என் சிநேகிதிக்கு இதை இப்படித்தான் ஃபோனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

தானியத்துக்கான அந்த மென்பொருள் அவளுடைய நிறுவனத்தின் சரக்கு. அதை வாங்கு, அதன் ஏபிஐயை நம்பி எழுது, சந்தேகம் வந்தால் என்னைக் கேள் என்று தைரியம் கொடுத்தவளே அவள்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவாள். நான் கேட்பதைவிட அவள் கேட்பதுதான் அதிகம் இருக்கும். எங்கே மாட்டிக்கொண்டாய், எப்படி வெளியே வந்தாய், அப்புறம் என்ன ஆயிற்று. கதை கேட்கிற குழந்தை மாதிரி ‘அப்புறம், அப்புறம்’ என்பாள். எனக்கோ மலையில் இதைப் பேச வேறு நாதியில்லை. கணவரிடம் சொன்னால் கொட்டாவி விடுவார். அதனால் ஒன்று விடாமல் கொட்டினேன்.

காற்று ஓர் அடி வைப்பதற்குள் தானியம் ஆயிரம் அடி ஓடிவிடும். ஒவ்வோர் அடியிலும் அது காற்றை எதிர்த்து உதைக்கும். அத்தனை உதையையும் ஒரேயடியாகக் காற்றின் தலையில் இறக்கினால் கணக்கு வெடித்துச் சிதறிவிடும். நான் நடுவில் அந்த உதைகளை எல்லாம் சேர்த்து வைத்து, பழையதில் கொஞ்சம், புதியதில் கொஞ்சம் என்று கலந்து, அக்கம்பக்கத்துக் காற்றுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தேன். உமி மாதிரி எடையே இல்லாத சரக்குக்கு எவ்வளவு கலக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க நான் பட்ட பாடு நாய்கூடப் படாது. அதையும் சொன்னேன். அவள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது நானே அவளைப் பட்டறைக்கும் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்து வைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது வேறு யாருமில்லை.

அவர்கள் மென்பொருளின் புதிய பதிப்பை அறிமுகப்படுத்த இணையத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பேசப்போவது அவள் என்று தெரிந்து, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். திரையில் காற்றில் உமி பறந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விலை பேசுவார்கள் என்று ஆரம்பித்தாள், இங்கிலீஷில். எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. நம்ம துண்டு சீமைக்குப் போகிறதே என்று ஒரு சந்தோஷம். எவ்வளவு பெரிய பைத்தியம் நான். பிறகு பழையதில் கொஞ்சம், புதியதில் கொஞ்சம் வந்தது. அக்கம்பக்கத்துக்குப் பங்கு பிரிப்பது வந்தது. உமிக்கு நான் கண்டுபிடித்த அளவுகூட அப்படியே வந்தது. கடைசியாக, இனி பழைய ஏபிஐ கிடையாது, காற்றோடு இணைக்கும் வேலையை நிறுவனமே செய்து தனியாக விற்கிறது என்று புன்னகையோடு சொன்னாள். என் நிரல் போய்வந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பழைய பதிப்புக்கு என் உரிமம் முடிய கொஞ்ச நாள்தான் பாக்கி இருந்தது. சாமைக் கணக்கு முடிகிற தறுவாயில் நின்றது.

உடனே கூப்பிட்டேன்.

“ஏபிஐய மூடப் போறாங்கன்னு உனக்கு எப்போ தெரியும்?”

“ஆரம்பத்துலயே தெரியும்டி. வெளிய சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. நான் இன்னா பண்றது, சொல்லு.”

“வெளிய சொல்லக் கூடாது, சரி. என்கிட்டேர்ந்து உள்ள எடுத்துட்டுப் போலாமா?”

“நீயாத்தான சொன்ன. உன்னக் கட்டிப் போட்டா கேட்டேன்?”

உண்மைதான், நானாகத்தான் சொன்னேன். அதுதான் பற்றிக்கொண்டு எரிந்தது. திருடியிருந்தால் திருடி என்று திட்டியிருக்கலாம். கேட்டு வாங்கிக்கொண்டு போனவளை என்னவென்று திட்டுவது? அன்று நான் அழுதேன். பாத்திரம் கழுவும்போது அழுதேன், துணி காயப்போடும்போது அழுதேன். என்ன ஆயிற்று என்று கணவர் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

அடுத்த அடி பட்டறையிலிருந்து விழுந்தது. இயந்திரத்துக்கு ஆள் காத்திருக்கிறார்கள், இனியும் தாமதிக்க முடியாது என்று இழுத்து இழுத்துப் பேசினார் பட்டறைக்காரர். என் சிநேகிதியின் நிறுவனம் அந்தக் கணக்கைக் காசு வாங்காமலே முடித்துத் தருகிறதாம். நாலு பேருக்குக் காட்ட ஒரு மாதிரி வேலை வேண்டுமாம் அவர்களுக்கு. தகட்டில் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மலைமேல் ஒற்றை ஆள், கரண்ட் போனால் வேலை நின்றுவிடும், அவளை நம்பி எப்படி இறங்குவீர்கள் என்று என்னைப் பற்றி என் சிநேகிதியே அவரிடம் சொன்னாளாம். இதை அவர் எனக்கு ஆறுதல் போலச் சொன்னார். நிரலின் சூட்சுமத்தை எடுத்துக்கொண்டதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேனோ என்னவோ. இந்த ஒற்றை ஆள் என்ற சொல்லை மறக்கமாட்டேன்.

இதில் ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள்தான் நான் ஒரு தப்பைக் கண்டுபிடித்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று வைத்திருந்தேன். உமியைக் குட்டிப் பந்தாக நினைத்துத்தான் கணக்குப் போட்டுவந்தோம். ஆனால் உமி ஓடம் மாதிரி இருக்கும். வளைவில் அது குறுக்கே திரும்பினால் காற்றின் பிடி கூடிவிடும், கும்பலாகச் சேர்ந்து வழியைக் குறுக்கும், அந்தக் குறுகலில் காற்று சீறி அரிசியையும் வாரிக்கொண்டு போகும். வளைவில் ஒன்றரை இஞ்ச் அகலப்படுத்தினால் சரியாகிவிடும். அவர்கள் தரப்போகும் வடிவத்தில் அது இருக்காது.

எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று சில நாள் இருந்தேன். முடியவில்லை. அந்த இயந்திரம் எங்கள் மலைக்குத்தான் வரும், வீணாகப்போவது எங்கள் ஆட்கள் முதுகொடிய விளைவித்த சாமை. இது ஒரு காரணம். இன்னொன்று, என் கணக்கு சரி என்று யாராவது ஒரு மனிதர் முகத்துக்கு நேராக நான் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. காலைப் பேருந்தில் ஏறினேன். மலை இறங்கும் வளைவுகள் ஒவ்வொன்றிலும் அவளை ஒவ்வொரு விதமாகத் திட்டிப் பார்த்துக்கொண்டேன், வாய்க்குள்ளேயே. நன்றி கெட்டவளே என்பது சப்பென்று இருந்தது. அதைவிட உறைப்பாக நாலைந்து தேடிச் சேர்த்தேன்.

பட்டறையில் காற்றுப்பாதைக்கான இரும்புத் தகட்டில் கோடு போட்டிருந்தார்கள், இன்னும் வெட்டவில்லை. பட்டறைக்காரரிடம் உமி குறுக்கே திரும்புவதையும் ஒன்றரை இஞ்சையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன்.

“நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். ஆனா அவங்கள ஒரு வார்த்த கேட்டுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

என் எதிரிலேயே அவளைக் கூப்பிட்டார். பட்டறைச் சத்தத்தில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. வளைவில் உமி குறுக்கே திரும்புகிறதாமே, அங்கே ஒன்றரை இஞ்ச் கூட்ட வேண்டுமாமே என்று மட்டும் கேட்டார். “அது வந்து சார்...” என்று அவள் இழுத்தாள். அந்த இழுவை எனக்கு அத்துப்படி. வாய்மொழித் தேர்வில் பதில் தெரியாதபோது அவள் அப்படித்தான் இழுப்பாள், பக்கத்திலிருந்து நான் முணுமுணுப்பேன்.

“ஆமா சார், கரெக்ட்தான்” என்றாள். “நானே உங்களக் கூப்ட்டு சொல்லணும்னு இருந்தேன்.”

பட்டறைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த அளவுகோலை எடுத்தார், திருப்பினார், பழைய இடத்திலேயே வைத்தார். நான் ஃபோனுக்குக் கிட்டே போய்க் குனிந்தேன்.

“நான் இங்கதான்டி நிக்கறேன்.”

இணைப்பைத் துண்டிக்கவில்லை அவள். பெங்களூர்த் தெருவின் வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“எப்போடி கீழ வந்த?” என்றாள். பிறகு, விடுதியில் இருந்த காலத்து அதே குரலில், “சாப்ட்டியா?”

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவுகள் அத்தனையும் நாக்கு நுனியில்தான் நின்றன. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை எனக்கு.

“சாப்ட்டேன்” என்றேன்.