உச்சியின் பசி

கட்டடம் எழும்பும் இடத்தில் அவரை எல்லோரும் உச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேனின் உச்சியில், ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடி அறைதான் அவருக்கு ஆபீஸ். காலையில் ஏணி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். நடுவில் ஒன்றுக்குப் போக இறங்கினால் கீழே மொத்த வேலையும் நின்றுவிடும். அதனால் மேலே தண்ணீரைத் தொடவே மாட்டார். தொண்டை காய்ந்தால் பாட்டில் ஜூஸில் ஒரு மிடறு, வயிறு கிள்ளினால் கிரீம் பிஸ்கட். வெறும் வயிற்றோடு வீட்டை விட்டுக் கிளம்பும் மனிதருக்கு வயிறு கிள்ளாமல் என்ன செய்யும்?

வீடு திரும்பினால் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழுவார். உங்கள் வயிற்றுக்கு அடியே கிடையாதா என்று மனைவி கேலி செய்வாள். அவரும் கூடச் சிரிப்பார். உள்ளுக்குள் கூனிக் குறுகிப்போவார். வாயைக் கட்டத் தெரியாத ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொள்வார். திட்டி முடித்த கையோடு இன்னொரு பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு நடுராத்திரி வரை போனைப் பார்ப்பார்.

வருடாந்திரப் பரிசோதனையில் டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. அடுத்த சோதனைக்குள் குறையாவிட்டால் கிரேனை மறந்துவிட வேண்டியதுதான். உச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அறையை விட்டால் அவருக்கு வேறு உலகமே கிடையாது.

வாயைக் கட்டத் தெரியவில்லை என்று புலம்பினார். "வாயைக் கட்டாததால மட்டும் வந்தது இல்லைங்க இது," என்றார் டாக்டரம்மா. "இனிப்பு குடிச்சதும் ரத்தத்துல சர்க்கரை எகிறும். அதை இறக்க இன்சுலின் ஓடி வரும். சர்க்கரை சட்டுனு இறங்கினா மறுபடி பசிக்கும். தூக்கம் கெட்டா பசியைக் கிளப்புற ஹார்மோன் கூடும், போதும்னு சொல்ற ஹார்மோன் குறையும். வைராக்கியத்தை வச்சு மட்டும் இதோட மல்லுக்கட்ட முடியாது."

காலையில் முட்டையோ பயறோ சாப்பிடச் சொன்னார், நேரத்தோடு தூங்கச் சொன்னார், ஜூஸுக்குப் பதில் தண்ணீர் குடிக்கச் சொன்னார். தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டி வருமே என்று உச்சி இழுத்தார். அப்படியானால் இறங்குங்கள் என்றார் அவர்.

முட்டை சுலபமாக இருந்தது. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படுத்ததும் தூக்கமும் வந்தது. ஆனால் நடுவில் இறங்கிக்கொள்ளலாமா என்று மேஸ்திரியிடம் போய்க் கேட்பதுதான் மலையாக இருந்தது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார், ஜூஸ் பாட்டிலும் கூடவே மேலே போய்வந்தது. சோதனையும் நெருங்கிவிட்டது. கடைசியில் ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டுவிட்டார்.

"தாராளமா இறங்குங்கண்ணே," என்றார் மேஸ்திரி. "உங்களுக்குக் கீழ வரவே பிடிக்காதுன்னுல்ல நாங்க நெனச்சோம்."

மறுநாள் கழிப்பறை வாசலில் பக்கத்துக் கிரேன்காரரும் வந்து நின்றார். அவரும் இவ்வளவு காலம் அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

சோதனையில் எடை கொஞ்சம்தான் குறைந்திருந்தது. சர்க்கரை நன்றாகவே இறங்கியிருந்தது. ஏணி ஏறலாம் என்றார் டாக்டரம்மா. உச்சி அங்கேயே அழுதுவிட்டார்.

"மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும் டாக்டரம்மா," என்றார். "இத்தனை வருஷம் என்னையே திட்டிக்கிட்டு இருந்துட்டேன்."