பெண் பார்க்க வந்தவர்களுக்கு அத்தோ

தென்சென்னையில் நடந்த சென்னை உணவுத் திருவிழாவில், அத்தோ கடையை 'வெளிநாட்டு உணவு' வரிசையில் போட்டிருந்தார்கள். வறுத்த வெங்காயமும் பூண்டும் புளித்தண்ணியும் கலந்த வாசனை மூக்கில் ஏற, எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தோடு ஒரு தட்டு வாங்கினேன்.

பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வடசென்னையில் எங்கள் ராயபுரத்துக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அத்தையைப் பெண் பார்க்க மாம்பலத்திலிருந்து வந்தார்கள். இந்த இடமாவது கூடவேண்டும் என்று வீடே வேண்டிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் சொஜ்ஜி பஜ்ஜி வைக்கும். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவோ, வந்தவர்களை அசத்துவதாக நினைத்து, தெருமுனைக் கடை அத்தோவை வைத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டைத் தள்ளினார். "இதெல்லாம் நம்ம கலாச்சாரமே இல்லீங்களே. நாங்க நல்ல மெட்ராஸ் குடும்பமாத் தேடறோம்."

"இன்னாங்கம்மா பேசறீங்க? மெட்ராஸுக்கு வர்ற கப்பலு எங்க வூட்டாண்ட வந்து நிக்குதா, மாம்பலத்துல நிக்குதா?" என்றார் அப்பா.

சம்பந்தம் அதோடு முடிந்தது. அழுவாள் என்று பார்த்தால், அத்தை காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "மாப்ள மட்டும் ரெண்டு தட்டு துன்னாருண்ணா. பாவம், இனிமே அவருக்கு யாரு குடுப்பா?"

இவ்வளவையும் திருவிழா நடத்திய இளைஞரிடம் சொல்லி நியாயம் கேட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"ராயபுரமா? அவ்ளோ தூரத்துலேர்ந்தா சார் வந்தீங்க?" என்று, வெளியூர் விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.