பலகையில் இல்லாத பெயருக்கு ஸ்தோத்திரம்

இந்தச் சனிக்கிழமை மத்தியானம் வேலையையும் சமையலையும் ஒதுக்கிவைத்துவிட்டு இந்த ஹாலில் கூடியிருக்கிற உங்கள் எல்லாரையும் கர்த்தரின் பெயரால் வாழ்த்துகிறேன். கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லுகிறவர்கள் வழக்கமாக எல்லாம் தெளிந்த பிறகுதான் எழுந்து நிற்பார்கள். எனக்கு இன்னும் பாதி தெளியவில்லை. ஆறு வருஷம் யோசித்தாயிற்று. இனிமேலும் காத்திருந்தால் சொல்லாமலே போய்விடுவேன் என்று தோன்றியதால், குழம்பினபடியே சொல்லிவிடுகிறேன்.

1972 ஜனவரி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. விசா நீட்டிக்கிற அலுவலகத்தில் ஒரு அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார், "இதுவரை எந்தெந்தத் தேர்வில் தேறியிருக்கிறீர்கள்?"

"ஒன்றும் இல்லை. இன்னும் என்னைக் கூப்பிடவில்லை."

"யார் கூப்பிடவில்லை?"

"பல்கலைக்கழகம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். மார்ச் கடைசிக்குள் ஒரு தேர்விலாவது தேறியதற்குச் சான்று கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் விசா நீட்டிக்க வழியில்லை, ஊருக்குத்தான் திரும்ப வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். எனக்குப் புரிந்ததா என்று இரண்டு தடவை கேட்டார். புரிந்தது என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்தபோது எந்தப் பக்கத்து டிராமில் ஏற வேண்டும் என்றுகூட மறந்துபோய், எதிர்த் திசையில் நாலு நிறுத்தம் போய்விட்டேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். அப்பா எங்கள் ஊர்ச் சபையின் உபதேசியார். 1970 அக்டோபரில் இந்த நாட்டுக்கு வந்து, இங்கே பக்கத்து நகரத்தில், அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்த புதுப் பல்கலைக்கழகத்தில், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தேன். நாலா பக்கமும் சிமெண்டுச் சுவர். கட்டடங்களுக்குப் பெயர் கிடையாது, எழுத்தும் எண்ணும்தான். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் சேற்றின்மேல் போட்ட பலகையில் நடந்து போவோம். முதல் வாரம் தினமும் எட்டு மணிக்கு வகுப்புக்குப் போவேன், யாரும் இருக்க மாட்டார்கள், வகுப்பு ரத்து என்று நினைத்துத் திரும்பிவிடுவேன். இங்கே எட்டு மணி வகுப்பு எட்டேகாலுக்குத்தான் தொடங்கும், அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் என்று பிறகு தெரிந்தது. எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் கதை முழுவதும் இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஒரு வகுப்பும் விட்டதில்லை. முதல் வரிசை. நோட்டுப்புத்தகத்தின் அட்டையில், ஊர்க் கல்லூரியில் செய்கிற மாதிரியே, பெயரும் அதன் கீழே மாணவர் எண்ணும் தடித்த எழுத்தில். வருகைப்பதிவு எடுப்பார்கள் என்று காத்திருந்தேன், எடுக்கவில்லை. பிரின்சிபால் எங்கே என்று தேடினேன், அப்படி ஒருவர் இல்லை. முதல் வருஷம் முடியப்போகிறது, ஹால் டிக்கெட்டைக் காணோம். ஆபீஸில் போய்ப் பரீட்சை எப்போது என்று கேட்டேன். "நீங்கள் விரும்பும்போது" என்றார் அங்கே இருந்தவர். மரியாதைக்குச் சொல்கிறார் என்று எண்ணி நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மாணவன் விரும்பும்போது பரீட்சை வைக்கிற கல்லூரி உலகத்தில் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் துறையின் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை. அதில் அவ்வப்போது காகிதம் ஒட்டியிருப்பார்கள், வரிசையாகப் பெயர்களும் எண்களும். ஊரில் நான் படித்த கல்லூரியில் பலகையில் பெயர் வந்தால் மானம் போய்விடும். வருகை குறைந்தவன், அபராதம் கட்டாதவன், ஒழுங்கு தவறியவன், இவர்கள் பெயர்தான் அங்கே வரும். ஆகவே நான் வாரம் தவறாமல் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே வாசிப்பேன். என் பெயர் இருக்காது. "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, அந்தப் பெயர்க்காரர்களுக்காக ஒரு சின்ன ஜெபமும் செய்துவிட்டுப் படியேறிப் போவேன். ஒன்றேகால் வருஷம் இப்படிச் செய்தேன். சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும்.

அப்பாவுக்கு மாதம் இரண்டு கடிதம் எழுதுவேன். கர்த்தர் என்னை எல்லாப் பட்டியலிலிருந்தும் விலக்கிக் காக்கிறார் என்று ஒரு கடிதத்தில் எழுதினேன். அப்பா அதை ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசித்தாராம். என் தேர்வுகளுக்காகச் சபையார் அத்தனை பேரும் வாரந்தோறும் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே எனக்குத் தேர்வே கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை டிராம் மாறி, எங்கெங்கோ நடந்து, ஹாஸ்டல் அறைக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டேன். அப்பா பிரசங்க பீடத்திற்குப் பக்கத்தில் நின்று என் கடிதத்தை வாசிக்கிறதுதான் கண்ணில் வந்தது. "ஆண்டவரே, நான் என்ன தப்புப் பண்ணினேன் என்றே தெரியவில்லை. ஒரு வாசல் காட்டும். மார்க்கு கேட்கவில்லை. வாசல் போதும்" என்று வாய்விட்டு அழுதேன். எனக்கே கேட்காத அளவு மெதுவாக அழுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

கதவைத் தட்டினார்கள். பக்கத்து அறைக்காரர், செல்வராசா. யாழ்ப்பாணத்துக்காரர், கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஒரு வருஷம் முன்னால் வந்தவர். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் சாட்சி என்றால் இதையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்றேகால் வருஷமாக அந்த மனிதருக்கு நான் குட்மார்னிங் தவிர ஒன்றும் சொன்னதில்லை. நெற்றியில் விபூதி, அறையில் முருகன் படம். விசுவாசிகளோடு மட்டும் பழகு என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா சொன்னதை நான் இப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

"என்ன ஐசே, ஊரிலை ஆரேன் மோசம் போயிட்டினமோ?" என்று கேட்டார். ஊரில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்கிறார்.

சொன்னேன். அலுவலகம், தேர்வு, பலகை, ஸ்தோத்திரம், எல்லாவற்றையும் சொன்னேன். பலகை வரைக்கும் சிரித்தார். ஸ்தோத்திரத்துக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அந்தப் பலகையிலை பேரை நாங்கள்தான் எழுதோணும், ஐசே. எழுதினவைக்குத்தான் சோதினை வைப்பினம். இஞ்சை ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்."

"எனக்குத் தெரியாதே."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே. சுவருக்கு அந்தப் பக்கம்தானே கிடக்கிறன்."

அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தட்டில் புட்டும் சம்பலும் கொண்டுவந்து வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு விடிய வெளிக்கிடும். ரெண்டு பேரும் போய்ப் பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலை மாடிப்படியண்டை போய் நின்றோம். பிப்ரவரியில் நடக்கிற மெக்கானிக்ஸ் தேர்வுக்கான பட்டியல் பலகையில் இருந்தது, ஆனால் அதுவரை திறந்து கிடந்த கண்ணாடிக் கதவை இப்போது பூட்டியிருந்தார்கள். கீழே தேதி போட்டு ஒரு வரி. செல்வராசா அதை இரண்டு தடவை வாசித்தார். "பேர் எழுதுற டெர்மின் திங்கள் மத்தியானத்தோடை முடிஞ்சுது" என்றார்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் நான் இதே இடத்தில் நின்றிருந்தேன். என் பெயர் இல்லாததைப் பார்க்க மறுபடியும் வாசிப்பானேன் என்று, அன்றைக்கு மேலே உள்ள நாலு பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். வாசல் காட்டும் என்று கேட்டேன், பூட்டின கண்ணாடியைக் காட்டுகிறாரே என்று மனது கசந்தது. திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டேன்.

"ஐசே, இஞ்சை வாரும்" என்று செல்வராசா கூப்பிட்டார். குனிந்து கண்ணாடியில் விரலை வைத்திருந்தார். "விளையாடுறீரோ? பேரை எழுதிப்போட்டு, எழுதேல்லை எண்டு அழுதனீரே?"

கடைசி வரி. ஞானதுரை, என் பெயர். பக்கத்தில் என் மாணவர் எண், ஓர் இலக்கம் பிசகாமல். நீல மை. என் கையெழுத்து இல்லை.

"நான் எழுதலையே" என்றேன். மூன்று தடவை சொன்னேன். செல்வராசா என் முகத்தையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய முகத்திலிருந்த விளையாட்டும் போய்விட்டது. தூதன் வந்து எழுதினான் என்று நான் அந்த நிமிஷத்தில் முழுமனதாக நம்பினேன்.

தூதன் இல்லை. பத்து மணி வகுப்பில் என் பக்கத்து இடத்துக்காரன் டீட்டரிடம் கேட்டேன். சுரங்கத் தொழிலாளியின் மகன், வாய் திறக்கவே மாட்டான், மூன்று செமஸ்டராக என் பக்கத்தில் உட்காருகிறான். பட்டியலில் என் பெயரை யார் எழுதியது தெரியுமா என்றேன்.

"நான்தான்" என்றான். "போன வியாழக்கிழமை. நீ எல்லா வகுப்புக்கும் வருகிறாய். பட்டியலைப் பார்க்கிறாய், சிரிக்கிறாய், எழுதாமல் போகிறாய். மறந்துவிடுகிறாய் என்று நினைத்தேன். எண் உன் நோட்டுப்புத்தகத்தின்மேல் இருந்தது."

"யார் உன்னை எழுதச் சொன்னது?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "யாரும் சொல்லவில்லை. என் பெயரை எழுதினேன். பேனா கையில் இருந்தது" என்றான்.

நீ கோயிலுக்குப் போவாயா என்று கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு, அம்மாவுக்காக, என்றான்.

மூன்று வாரம் டீட்டரோடு கேன்டீன் மேசையில் உட்கார்ந்து படித்தேன். அவன் வாயிலிருந்து அந்த மூன்று வாரத்தில் வந்த வார்த்தைகள் முதல் மூன்று செமஸ்டரிலும் வரவில்லை. தேர்வில் நாலு வாங்கினேன். இங்கே ஒன்றுதான் உயர்ந்தது, நாலு என்றால் மயிரிழையில் தப்பினான் என்று பொருள். மார்க்கு வேண்டாம், வாசல் போதும் என்று கேட்டது நான்தானே. மார்ச்சில் அந்த அம்மாளிடம் சான்றைக் கொண்டுபோய் வைத்தேன். முத்திரை குத்தும்போது, "கடைசியில் கூப்பிட்டுவிட்டார்களா?" என்று கேட்டார். "இல்லை, யாரோ எழுதிவிட்டார்கள்" என்றேன். இந்தத் தடவை அவருக்குத்தான் புரியவில்லை.

அப்பாவுக்கு எதையும் மறைக்காமல் எழுதினேன். இதைச் சபையில் வாசிக்க மாட்டார் என்று நினைத்தேன். முழுவதையும் வாசித்துவிட்டதாகப் பதில் வந்தது. எல்லாரும் சிரித்தார்களாம், அவரும் சிரித்தாராம். கடைசியில், பக்கத்து அறைத் தம்பிக்கு என் அன்பைச் சொல், அவரையும் பெயர் சொல்லி ஜெபத்தில் வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். அந்த வரியைச் செல்வராசாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன்.

இனி என் குழப்பத்துக்கு வருகிறேன். நான் ஜெபித்தது செவ்வாய்க்கிழமை. டீட்டர் எழுதியது அதற்கு முந்தின வியாழக்கிழமை. நான் கேட்பதற்கு ஐந்து நாளைக்கு முன்னால் பதில் வந்துவிட்டது. அப்படியானால் என் அழுகை எதற்கு? ஊரில் சபையார் செய்த ஜெபத்துக்கு வந்த பதிலா? பலகை முன்னால் நான் தப்பாகச் சொன்ன ஸ்தோத்திரங்களைக் கர்த்தர் சரியாக எடுத்துக்கொண்டாரா? நான் அங்கே நின்று சிரிக்காமல் இருந்திருந்தால் டீட்டர் என்னைக் கவனித்தே இருக்க மாட்டான். ஒரு போதகரிடம் கேட்டேன். அவர் அழகாகத்தான் விளக்கினார், ரயில் நிலையம் வருவதற்குள் மறந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். யாராவது கூப்பிடட்டும் என்று நான் உட்கார்ந்திருந்த நாட்களிலெல்லாம், ஆண்டவர் எனக்கு இரண்டு பக்கத்திலும் ஆள் உட்காரவைத்திருந்தார். வகுப்பில் ஒருவன், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது பார்க்கிறேன். புதிதாக வருகிற பையன், பெண், யாராயிருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், பட்டியலில் பெயர் எழுதினாயா என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. இருக்கட்டும்.

இன்னொன்றைச் சொல்லி உட்காருகிறேன். இன்றைக்குச் சாட்சி சொல்லுகிறவர்கள் பட்டியல் அந்தக் கதவோரம் தொங்குகிறது. அதில் நான் என் பெயரை எழுதவில்லை. போன மாதமும் எழுதவில்லை, அதற்கு முந்தின மாதமும் இல்லை. தெளிந்தபிறகு எழுதலாம் என்று ஆறு வருஷமாகத் தள்ளிப்போட்டவன் நான். இன்று உள்ளே வந்தபோது பார்த்தேன், கடைசி வரியில் என் பெயர் இருந்தது. என் மனைவியைக் கேட்டால், தான் எழுதவில்லை என்கிறாள். ஆனால் அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, தேநீருக்காக மட்டும்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, விபூதியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணை, கையை மறைக்க வேண்டாம், விரலில் மை இருக்கிறது.

என்னைப் போலக் குழம்பி உட்கார்ந்திருக்கிறவர்களே, நம்புங்கள். உங்களுக்கும் யாராவது எழுதியிருப்பார்கள், போய்ப் பாருங்கள். போகிறபோது, பக்கத்தில் இருக்கிறவருடைய பெயர் அங்கே இருக்கிறதா என்றும் பாருங்கள். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.