புளியமரத்தடியில் மடித்து வைத்திருந்த துண்டு

என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பாயில் உட்கார்ந்து படித்த சிநேகிதிகளுக்கு,

சர்வேசுரன் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். மூத்த பேரன் அருளப்பன் மெட்ரிகுலேஷன் பாஸாகிவிட்டான். மதுரையில் நம் பாய்க்காரி மரியநாயகத்தின் வீட்டில் தங்கி மேலே படிக்கிறான். அடுத்தவன் ஞானமுத்துவுக்குத் தபால் ஆபீசில் வேலை. பேத்தி லூர்து கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்கிறாள். நாம் நிறுத்திய இடத்திலிருந்து அவள் தொடங்கியிருக்கிறாள். கடைசிப் பேரன் லத்தீன் பாட்டை ஏட்டைப் பார்க்காமல் பாடுகிறான். பங்குச் சாமியாரே முதுகில் தட்டிக் கொடுத்தார்.

இதை எழுதும்போதே காதில் அந்தக் கட்டைச் சத்தம் கேட்கிறது...

டக். டக். டக்.

உங்களுக்குத் தெரியாததில்லை. பெரிய வியாழன் பூசையில் மணி நின்றுவிட்டால் ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு வரை மணி கிடையாது. மரக்கட்டையைத் தட்டித்தான் ஊரைக் கூப்பிடுவார்கள்.

எட்டு வருசத்துக்கு முந்தி. மலைமேல் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். ஊரில் பாதி ஆம்பிளைகள் மேலேதான் கூலிக்கு இருந்தார்கள். என் கடைசி மகன் சவரிமுத்துவும் போயிருந்தான். பாஸ்குவுக்கு முந்தின தவசு காலம் தொடங்கியதும், மேலே வாந்திபேதி என்று சேதி வந்தது.

கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. பொம்பளைகள் பக்கத்திலிருந்து முதலில் வாய் திறந்தவள் நான்தான். பேரப்பிள்ளைகள் நாலும் அப்போது சின்னதுகள்.

“மலையில இருந்து எவன் வந்தாலும் எல்லைப் புளியமரத்துக்கிட்டயே இருக்கட்டும். என் மகனே வந்தாலும் அப்படித்தான்.”

“உபதேசியார் பெண்டாட்டிக்கு நெஞ்சழுத்தத்தப் பாரு,” என்றாள் பக்கத்து வீட்டுச் சூசையம்மாள். ஆனால் ஊர் என் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டது. எல்லையில் இரண்டு பேரைக் காவலும் போட்டார்கள்.

பெரிய வியாழன் வந்தது. பன்னிரண்டு ஏழைகளை உட்கார வைத்துச் சாமியார் கால் கழுவ வேண்டும். ஆளுக்கு ஒரு புதுத் துண்டும் ஒரு சட்டிச் சோறும் உண்டு. ஆள் சேர்ப்பது என் வீட்டுக்காரர் பொறுப்பு, அவர்தானே உபதேசியார். மலைக்குப் போனவர்கள் போக, பதினோரு பேர்தான் தேறினார்கள். அதில் ஒருவரான அந்தோணிக் கிழவர் காலையிலிருந்து தேங்காய் நாரால் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, சாமியாருக்கும் கொஞ்சம் அழுக்க மிச்சம் வைங்க,” என்று யாரோ சொல்ல, சிரித்தோம். அந்த வாரத்தில் சிரித்தது அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது பலகை காலியாகவே இருந்தது. சாமியார் அதன் முன்னாலும் முழங்காலில் நின்றார். கழுவ ஒன்றும் இல்லை. எழுந்து, “இந்தப் பங்கை எல்லையில் இருக்கிறவனுக்குக் கொடுங்கள்,” என்றார்.

முந்தின நாளிலிருந்து புளியமரத்தடியில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

நான்தான் எடுத்துப் போனேன். உச்சி வெயில். மணி இல்லை... காக்கைகூடக் கத்தவில்லை. அந்த வெயிலில் அவன் தலையோடு கறுப்புக் கம்பளி போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்தான். பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. மண் அப்பி, வெடித்து...

“எந்த ஊருப்பா?”

இன்னும் நாலு அடி வைத்தேன்.

“அங்கனயே வச்சிட்டுப் போங்க. பிள்ளைக இருக்கிற வீடு.”

தொண்டை கட்டிய குரல். கிழவன் குரலா, வாலிபன் குரலா, தெரியவில்லை.

சோறு, துண்டு, ஒரு செம்புத் தண்ணீர்... எல்லாவற்றையும் கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது. என் வீட்டில் பிள்ளைகள் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “எந்த வீட்டுலதான் பிள்ளைக இல்ல? வெயில்ல போயிட்டு வந்திருக்க, தண்ணியக் குடி,” என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளியும் சனியும் அந்தக் கம்பளி அங்கேயே தெரிந்தது. போக நினைத்து இரண்டு முறை படி இறங்கினேன். இரண்டு முறையும் உள்ளே ஒரு பிள்ளை இருமியது.

பாஸ்கு அன்று விடிகிற நேரத்தில் போனேன். மரத்தடியில் யாரும் இல்லை. சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. கம்பளி ஒரு பக்கம் கிடந்தது. புதுத் துண்டு மட்டும் அழகாய் மடித்துத் தனியே கல்லின் மேல் இருந்தது... ஈரத்தோடு.

சுற்றிலும் புழுதி. அதில் என் காலடி ஒன்றுதான்.

காவலுக்கு இருந்தவர்கள் முகம் வெளுத்துவிட்டது. “கண்ண மூடல ஆத்தா. பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். போனதப் பாக்கல.”

அன்று கோயிலில் என் வீட்டுக்காரர் வெறுங்கல்லறை வரலாற்றை வாசித்தார். ஆண்டவரின் தலையில் சுற்றியிருந்த துணி மட்டும் தனியே மடித்து வைத்திருந்ததாக வருமே, அந்த இடத்தில் அவர் குரல் நின்றுவிட்டது. சனம் எல்லாம் காத்திருந்தது.

மழைக்குப் பிறகு, சவரியோடு ஒரே கூட்டத்தில் மண் சுமந்த கோம்பை ஊர்க்காரர் ஒருவர் வந்தார்.

“குருத்து ஞாயிறு கழிஞ்ச மறுநாளே, பெரிய வியாழனுக்கு மூணு நாள் முந்தியே இறங்கிட்டானே ஆத்தா. காய்ச்சலு. வீட்டுக்குப் போறேன்னான். இன்னுமா வரல?”

அவ்வளவுதான் தெரியும்.

அதற்கு முன்பெல்லாம் திருநாள் வரும், போகும். இப்போது எந்த வாசகமும் என்னை அந்த மரத்தடிக்கே கொண்டுபோகிறது. ஆண்டவர் பிறந்த திருநாளில், சத்திரத்தில் இடமில்லை என்று வாசிக்கும்போது, கதவை அடைத்தவளும் பிள்ளைகுட்டிக்காரியாய்த்தான் இருந்திருப்பாள் என்று நினைப்பேன். கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்கள் பேரை எழுதுவார்கள். சவரி பேரை நான் கொடுத்ததில்லை. எழுதுகிறவரும் கேட்டதில்லை.

அப்போது மலை என்றாலே பயம். இப்போது மலையைக் குடைந்து தண்ணீர் வருகிறது, இரண்டு போகம் விளைகிறது. அந்தத் தண்ணீரில்தான் நானும் தினமும் கால் கழுவுகிறேன்.

அவன் முகம்தான் வரவர எனக்குப் பிடிபடவில்லை. நினைத்தால் கம்பளி வந்து நிற்கிறது. அருளப்பனுக்குச் சித்தப்பன் சாயல் என்று எல்லாரும் சொல்வார்கள். வயசும் இப்போது அதே வயசு. மரியநாயகம், அவனை அழைத்துப்போய்ப் புதுசாய் ஒரு போட்டோ பிடித்துத் தபாலில் போடு. தலைப்பாகை, துண்டு ஒன்றும் வேண்டாம். முகம் முழுக்கத் தெரியட்டும்.